இல்லத்தரசியின் பக்கம்: பிரீஸர் ஐஸ் பிடிக்கவில்லையா?

 

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மறுநாள். இரவு பத்து மணி இருக்கும். பெருநாள் வேலைகளெல்லாம் ஓய்ந்து, பிள்ளைகளையும் படுக்கவைத்துவிட்டுச் சற்றுச் சாய்ந்திருந்தேன். தங்கையிடமிருந்து தொலைபேசி வந்தது.

"தாத்தா, பிரீஸர்ல எறச்சி ஒண்டும் இறுகல்ல. கதவுக்குக் கீழால ரெத்தத் தண்ணி வடியுது. என்ன செய்யிற?"

அழாத குறையாகக் கேட்டாள். அவள் பதறியதற்குக் காரணம் இருந்தது. பிரீஸரில் இருந்தது அவளுடைய வீட்டு இறைச்சி மட்டுமல்ல. பக்கத்திலுள்ள இரண்டு வீடுகளில் பிரிட்ஜ் இல்லை. தங்களுக்குக் கிடைத்த குர்பான் இறைச்சியையும் அந்த வீட்டுக்காரர்கள் இவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். தன்னுடையது பழுதானால் பொறுத்துக்கொள்ளலாம். நம்பித் தந்த அமானிதம் பழுதானால் விடிந்ததும் அவர்களுடைய முகத்தில் எப்படி விழிப்பது?

மச்சான் அதற்குள் பிரிட்ஜ் திருத்தும் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்திருந்தார். அவர் பெட்டியைப் பார்க்காமலே, "கேஸ் போயிருக்கும், நாளைக்கு வந்து அடிச்சித் தாறேன்" என்று ஒரு தொகையும் சொல்லிவிட்டார்.

அந்த இரவு என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லி விடலாம். பிரீஸர் ஐஸ் பிடிக்காமல் போவதற்கு உள்ள காரணங்களில் பல, திருத்துபவரின் கைக்குப் போக வேண்டியவையே அல்ல. நம்முடைய கண்ணும் காதும் கையும் போதும். எதை எந்த ஒழுங்கில் பார்ப்பது, எந்த இடத்தில் நமது கையை நிறுத்திக்கொள்வது என்பது தெரிந்திருந்தால் பணமும் மிஞ்சும், உணவும் மிஞ்சும்.

பிரீஸர் குளிரை உண்டாக்குவதில்லை

பிரீஸர் குளிரை உண்டாக்குகிறது என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது செய்வது வேறு வேலை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. பெட்டியின் கீழே பின்புறமாக இருக்கும் கொம்பிரஸர் ஒரு விதமான வாயுவைக் குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி ஓட வைக்கிறது. உள்ளே உள்ள குழாயில் ஓடும்போது அந்த வாயு வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வெளியே உள்ள குழாய்க்கு வந்ததும் அதை விட்டுவிடுகிறது. பிரிட்ஜின் பின்பக்கத்தில் அல்லது பக்கச் சுவரில் கை வைத்தால் இளஞ்சூடாக இருப்பது இதனால்தான். அது கோளாறு அல்ல, வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம்.

கிணறு இறைப்பதை நினைத்துப் பாருங்கள். இறைப்பதைவிட ஊற்று வேகமாக இருந்தால் கிணறு வற்றாது. வாளி தண்ணீர் வரை இறங்காவிட்டாலும் வற்றாது. இறைத்த தண்ணீர் ஓடிப்போக வழியில்லாமல் மீண்டும் கிணற்றுக்குள் வழிந்தாலும் வற்றாது. பிரீஸரும் அப்படித்தான். ஆகவே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

வெப்பம் எங்கிருந்தாவது உள்ளே நுழைகிறதா?

உள்ளே இருக்கும் வெப்பம் குளிர்க் குழாயைப் போய்ச் சேர முடிகிறதா?

எடுத்த வெப்பம் வெளியே போக முடிகிறதா?

மூன்றிலும் குறை காணப்படாவிட்டால் மட்டுமே இயந்திரத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

முதலில் கதவை மூடுங்கள்

பிரீஸரில் ஏதோ பிழை என்று தெரிந்தவுடன் நம்மில் பலர் செய்வது, ஐந்து நிமிடத்துக்கொரு தடவை கதவைத் திறந்து பார்ப்பதுதான். ஒவ்வொரு தடவையும் குசினியின் சூடான காற்று உள்ளே போகிறது. கெட்டுப்போவதை நாமே விரைவுபடுத்துகிறோம்.

உள்ளேயுள்ளவை நன்றாக உறைந்திருந்து, கதவு திறக்கப்படாமலும் இருந்தால், நிரம்பிய பிரீஸர் மின்சாரம் இல்லாமலே ஏறத்தாழ 48 மணி நேரம் குளிரைக் காத்துக்கொள்ளும். பாதி நிரம்பியது 24 மணி நேரம் தாங்கும். கீழேயுள்ள சாதாரண பிரிட்ஜ் பகுதியோ 4 மணி நேரம் மட்டுமே தாங்கும். ஆகவே பதற்றம் வேண்டாம். பக்கத்து வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பிரீஸரில் இடம் இருக்கிறதா என்று முதலில் கேட்டு வையுங்கள். மீன் வியாபாரிகள் வைத்திருப்பது போன்ற ரெஜிபோம் பெட்டியும் ஐஸ் கட்டியும் கிடைத்தால் அதுவும் நல்லது. இடம் ஆயத்தமான பின் கதவை ஒரே தடவை திறந்து, மாற்ற வேண்டியவற்றை மாற்றி விடுங்கள்.

மின்சாரம் வருகிறதா?

சிரிக்க வேண்டாம். இதைப் பார்க்காமலே திருத்துபவருக்குப் போக்குவரத்துக் கூலி கொடுத்தவர்கள் பலர். கீழ்க் கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் பிளக்கைக் கழற்றி, அதே இடத்தில் வேறொரு சாமானைப் பொருத்திப் பாருங்கள். ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு தடவை உயர்த்தி மீண்டும் விழுந்தால் திரும்பத் திரும்ப உயர்த்தக் கூடாது. எங்கோ மின்கசிவு இருக்கிறது என்று பொருள்.

பிளக் தொட்டால் சுடுகிறதா, அல்லது பழுப்பு நிறமாகக் கருகியிருக்கிறதா? அப்படியானால் உடனே நிறுத்தி, மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பல சாமான்கள் பொருத்திய நீட்டு வயரில் பிரீஸரை ஒருபோதும் பொருத்த வேண்டாம்.

அடுத்தது குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழ். பெரும்பாலான பெட்டிகளில் எண் கூடக் குளிர் கூடும். பிள்ளைகளின் கை பட்டோ, பெரிய பாத்திரமொன்று உரசியோ அது '1' க்குத் திரும்பியிருக்கலாம்.

மின்சாரத்தின் வலுவையும் கவனியுங்கள். நமது நாட்டில் வீடுகளுக்கு வர வேண்டியது 230 வோல்ட். சில ஊர்களில் மாலை வேளையில் இது வெகுவாகக் குறைந்துவிடும். மின்குமிழ் மங்கும், மின்விசிறி மெதுவாகச் சுற்றும். அந்த நேரத்தில் கொம்பிரஸர் கிளம்ப முடியாமல் திணறும். 'டிக்' என்று ஒரு சத்தம், சில விநாடி முனகல், மறுபடியும் 'டிக்' என்று கேட்டால் பெட்டியை நிறுத்திவிடுங்கள். மின்சாரம் சீரானபின் போட்டுப் பாருங்கள். அப்போதும் அதே சத்தமென்றால் கொம்பிரஸரைக் கிளப்பிவிடும் ரிலே என்ற சிறு பாகம் பழுதாகியிருக்கலாம். இது கொம்பிரஸரின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவு.

மின்சாரம் போய் வந்தால், பெட்டியை உடனே போடாமல் 5 நிமிடம் பொறுத்துப் போடுவதும் நல்ல பழக்கம்.

வெப்பம் உள்ளே நுழைகிறதா?

கதவைச் சுற்றியுள்ள இறப்பரைப் பாருங்கள். கறிச்சாறும் பாலும் சிந்திக் காய்ந்து பிசுபிசுத்திருந்தால் அது சரியாக ஒட்டாது. ஒரு கடதாசித் துண்டைக் கதவிடையே வைத்து மூடி, மெதுவாக இழுங்கள். இறுக்கமாக வந்தால் இறப்பர் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தால் வெப்பம் நுழைகிறது. நான்கு பக்கமும் இப்படிச் சோதியுங்கள். இரவில் செய்வதானால் இன்னொரு வழியும் உண்டு. டோர்ச் லைட் ஒன்றை எரியவிட்டு உள்ளே வைத்துக் கதவை மூடுங்கள். குசினி விளக்கை அணைத்துவிட்டுக் கதவோரம் முழுவதும் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமே வெப்பம் நுழையும் இடம்.

இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரம் கலந்து, பழைய பல் துலக்கும் பிரஷால் இறப்பரின் மடிப்புகளைக் கழுவித் துடையுங்கள். நெளிந்திருக்கும் இடத்தில், சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சற்று நேரம் வைத்து, கையால் நேராக்குங்கள். வெடித்துக் கிழிந்திருந்தால் புது இறப்பர்தான் வழி.

பெட்டியின் முன் கால்களைச் சற்று உயர்த்தி வைத்தால் கதவு தானாகவே மூடிக்கொள்ளும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது பெரிய உதவி.

வெப்பம் குளிர்க் குழாயைச் சேர முடிகிறதா?

இங்கே உங்கள் பெட்டி எந்த வகை என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு வகையில் பிரீஸரின் சுவர்களில் ஐஸ் படியும். நாமேதான் அதைக் கரைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஐஸ் எவ்வளவு தடிப்பாக இருக்கிறதோ அவ்வளவு குளிர் என்று எண்ணுவது தவறு. தடித்த ஐஸ், குளிர்க் குழாய்க்குப் போர்த்திய கம்பளி போன்றது. கால் அங்குலத்துக்கு மேல் தடித்தால் கரைத்துவிட வேண்டும். பிளக்கைக் கழற்றி, சாமான்களை வெளியே எடுத்து, ஒரு பாத்திரத்தில் சுடுநீரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துங்கள். கால் மணி நேரத்துக்கொரு முறை நீரை மாற்றுங்கள். ஐஸ் பாளம் பாளமாகக் கழன்று வரும்.

கத்தியாலும் கரண்டிக் காம்பாலும் குத்திப் பெயர்க்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. தயவுசெய்து வேண்டாம். அந்தச் சுவருக்குள்தான் வாயு ஓடும் குழாய் இருக்கிறது. ஊசி முனையளவு துவாரம் விழுந்தாலும் போதும், பெட்டியின் ஆயுள் முடிந்துவிடலாம். இன்றைய பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஆர்-600ஏ என்ற வாயு. இது ஓசோன் படலத்துக்குத் தீங்கு செய்யாதது, ஆனால் தீப்பற்றக்கூடியது. தவறிக் குத்திவிட்டு 'உஸ்' என்ற சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்து, யன்னல்களைத் திறந்துவிட்டு, எந்த சுவிட்சையும் தொடாமல் பிள்ளைகளுடன் வெளியே வாருங்கள்.

மற்ற வகையில் சுவரில் ஐஸ் படியாது. குளிர்க் குழாய் பின் தட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும். சிறு விசிறியொன்று அங்கிருந்து குளிர்காற்றைத் துவாரங்களால் தள்ளும். அந்தத் துவாரங்களை அடைத்தபடி இறைச்சிப் பொதிகளை அடுக்கினால் காற்று ஓடாது. இரண்டு அங்குலமாவது இடைவெளி விடுங்கள்.

இந்த வகைப் பெட்டியில் குழாய்மேல் படியும் பனியைக் கரைக்க உள்ளே ஒரு சூடாக்கி இருக்கும். அது பழுதானால் பனி உள்ளுக்குள்ளேயே தடித்து, காற்று போகும் வழியை அடைத்துவிடும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு. பிரீஸர் ஓரளவு குளிராக இருக்கும்போதே கீழ்ப் பகுதி முதலில் சூடாகும். பால் திரியும், கீரை வாடும். இப்படி நேர்ந்தால் பிளக்கைக் கழற்றி, சாமான்களை மாற்றி, இரண்டு கதவுகளையும் திறந்து 24 மணி நேரம் விடுங்கள். கீழே பழைய துணிகளை விரித்து வையுங்கள். மீண்டும் போட்டபின் நன்றாக வேலை செய்து, சில நாட்களிலோ வாரங்களிலோ பழையபடி ஆனால், பிழை பெரும்பாலும் அந்தப் பனி கரைக்கும் பாகங்களில்தான். இதைத் திருத்துபவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். வீணாகக் கொம்பிரஸர் மாற்றும் பேச்சு எழாது.

வெப்பம் வெளியே போக முடிகிறதா?

நம் வீடுகளில் பிரிட்ஜ் நிற்கும் இடத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் அரிசி மூட்டை, மேலே துணிமூட்டையும் பழைய பெட்டிகளும், பின்னால் சுவரோடு சுவராக. வெப்பம் எங்கே போகும்?

பின்னால் நான்கு அங்குலமாவது இடம் விடுங்கள். பின்புறத்தில் கறுப்புக் கம்பிவலை போன்ற குழாய் இருந்தால், பிளக்கைக் கழற்றிவிட்டு ஆண்டுக்கு இரண்டு தடவை உலர்ந்த பிரஷால் தூசு தட்டுங்கள். விறகடுப்புப் புகை படியும் குசினியில் இன்னும் அடிக்கடி தட்ட வேண்டும். மதிய வெயில் நேரே படும் இடமும் கூடாது. மேலே மூடி திறக்கும் பெரிய பிரீஸர்களின் பக்கச் சுவர்கள் பொதுவாகச் சூடாக இருக்கும். அழகுக்காக அவற்றுக்கு உறை தைத்துப் போடுவது, வெயிலில் கம்பளி போர்த்துவது போலாகும்.

ஒரே நாளில் எவ்வளவு உறையும்?

பெருநாள் காலத்தில் பல வீடுகளில் நேரும் பிழை இதுதான். பெட்டியில் கோளாறு எதுவும் இருக்காது, பாரம்தான் அளவுக்கு மிஞ்சியிருக்கும்.

பிரீஸரில் இடம் இருக்கிறது என்பதற்காக அவ்வளவையும் ஒரே நாளில் அதனால் உறைய வைக்க முடியாது. 100 லீற்றர் கொள்ளளவுள்ள பிரீஸருக்கு ஒரு நாளில் புதிதாக 3 முதல் 5 கிலோ வரை வைப்பதே பொருத்தம். உங்கள் பெட்டியோடு வந்த கைந்நூலில் 24 மணி நேரத்தில் எத்தனை கிலோ உறைய வைக்கும் என்று எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்கள். நாமோ அறுத்த சூடு ஆறாத இறைச்சியை, ஐந்து கிலோ, ஆறு கிலோ என்று ஒரே பொலித்தீன் பையில் திணித்து உள்ளே தள்ளுகிறோம். வெளிப்புறம் இறுகினாலும் நடுப்பகுதி பல மணி நேரம் சூடாகவே இருக்கும். கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது. அது மட்டுமல்ல, ஏற்கெனவே உறைந்திருந்த மீனையும் கோழியையும் அந்தச் சூடு உருக்கிவிடும்.

ஆகவே இறைச்சி வருமுன்பே திட்டமிடுங்கள். விரைவாக உறைய வைக்கும் பொத்தான் இருந்தால் முதல் நாளே போட்டு வையுங்கள். கொடுக்க வேண்டியவர்களுக்கு முதலில் கொடுத்து முடியுங்கள். அன்றைக்குச் சமைக்க வேண்டியதை ஒதுக்குங்கள். மிகுதியை ஒரு வேளைக் கறிக்கு அளவாக, அரைக் கிலோப் பொதிகளாகக் கட்டி, ஒரு அங்குலத் தடிப்புக்குத் தட்டையாக்குங்கள். முதலில் கீழ்ப் பகுதியில் வைத்துக் குளிரவிட்டு, பிறகு தவணை தவணையாக மேலே ஏற்றுங்கள். உறையும் வரை பொதிகளுக்கிடையே சற்று இடைவெளி இருக்கட்டும். இறுகியபின் நெருக்கமாக அடுக்கலாம். ஒவ்வொன்றிலும் திகதியும், அடுத்தவருடையதானால் பெயரும் எழுதுங்கள்.

நமது கை நிற்க வேண்டிய இடம்

மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் ஐஸ் பிடிக்கவில்லையா? இரண்டு அடையாளங்களைப் பாருங்கள். மோட்டார் ஓயாமல் ஓடுகிறது, ஆனால் பின்புறமோ பக்கச் சுவரோ கொஞ்சமும் சூடாகவில்லை. அல்லது, ஐஸ் படியும் வகைப் பெட்டியில் ஒரு மூலையில் மட்டும் ஐஸ் பிடித்து மற்ற இடமெல்லாம் வெறுமையாக இருக்கிறது. அப்படியானால் வாயு குறைந்திருக்கலாம், அல்லது கொம்பிரஸர் பழுதாகியிருக்கலாம். இது திருத்துபவரின் வேலை. பின்புற மூடியைக் கழற்ற நாம் முயலக் கூடாது.

ஆனால் ஒன்றை அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜின் வாயு, அடுப்பு கேஸ் போல எரிந்து தீர்ந்துபோகும் பொருளல்ல. அடைத்து மூடிய குழாய்க்குள் அதுவே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்பதே பொருள். கசிவை அடைக்காமல் வாயு மட்டும் நிரப்பினால் சில நாளில் மீண்டும் அதே கதைதான். ஆகவே மரியாதையாக இந்த நான்கையும் கேளுங்கள்.

கசிவு எந்த இடத்தில் இருக்கிறது?

பெட்டியின் பின்புறத் தகட்டில் எழுதியுள்ள அதே வாயுவையா நிரப்புகிறீர்கள்?

குழாயிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பில்டரை மாற்றி, உள்ளேயுள்ள காற்றை முழுமையாக இழுத்து எடுத்தபின்பா நிரப்புகிறீர்கள்?

மாற்றிய பழைய பாகத்தையும், உத்தரவாதம் எழுதிய பற்றுச்சீட்டையும் தருவீர்களா?

நேர்மையான தொழிலாளி இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். வேலை தெரிந்தவருக்கு அது மகிழ்ச்சியாகக் கூட இருக்கும்.

எதை வைத்துக்கொள்வது? எதை எறிவது?

பிரீஸர் இருக்க வேண்டிய அளவு பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியஸ். சிறியதொரு வெப்பமானி வாங்கிப் பொதிகளுக்கிடையே வைப்பது நல்ல முதலீடு.

இறைச்சியில் இன்னும் ஐஸ் துகள்கள் இருந்தாலோ, 4 பாகைக்கு மேற்படாமல் இருந்தாலோ திரும்ப உறைய வைக்கலாம். சுவையும் மென்மையும் சற்றுக் குறையும், ஆபத்தில்லை. ஐஸ் இல்லாமல் உருகியும் குளிர் விடாமல் இருப்பதை உடனே சமைத்துவிடுவதே மேல். சமைத்ததை ஆறவைத்து மீண்டும் உறைய வைக்கலாம். 4 பாகைக்கு மேல் 2 மணி நேரத்துக்கு அதிகமாக இருந்தால் எறிந்துவிட வேண்டும். 32 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் கிடந்திருந்தால் 1 மணி நேரமே கெடு. உருகிய ஐஸ்கிரீமை மீண்டும் உறைய வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

"நல்லா வேக வெச்சா ஒண்டும் செய்யாது" என்று மாமிமார் சொல்வதுண்டு. கிருமிகள் வெந்து சாகலாம். ஆனால் சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு சூட்டுக்கு அழியாது. சூரை போன்ற மீன்கள் சூடாகிக் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். அதுவும் சமைத்தால் போகாது. முகம் சிவந்து, உடல் தடித்து, தலையிடியும் வாந்தியும் வரும். மணத்தை நம்பவும் வேண்டாம், நாவில் வைத்துப் பார்க்கவும் வேண்டாம். உணவை வீணாக்குவது தவறுதான். கெட்டுப்போனதை வீணாக்கக் கூடாதே என்று பிள்ளைகளுக்கு ஊட்டுவது அதைவிடப் பெரிய தவறு.

வீட்டில் இன்சுலின் பாவிப்பவர்கள் இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். பெட்டி பழுதாகிவிட்டதே என்று பதறி, இன்சுலினை ஐஸ்கட்டியின் மேல் வைத்துவிட வேண்டாம். உறைந்த இன்சுலின் பயன்படாது. ஐஸில் படாதவாறு துணி சுற்றிக் குளிரான இடத்தில் வைத்து, மருந்தகத்திலோ வைத்தியரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நாணயம் போதும்

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். பயணம் போயிருக்கும்போது மின்சாரம் போய் வந்தால், உள்ளே உருகி மறுபடி உறைந்ததா என்று எப்படித் தெரியும்? ஒரு கோப்பைத் தண்ணீரை உறைய வைத்து, அந்த ஐஸ் மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் நல்லது. அடியில் கிடந்தால் எல்லாம் உருகி மீண்டும் உறைந்திருக்கிறது. அந்த இறைச்சியை நம்ப வேண்டாம். வெறுமையான இடங்களில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பிய போத்தல்களை உறைய வைத்தால் மின்வெட்டின்போது குளிர் நீடிக்கும்.

அந்த இரவு

இப்போது தங்கையின் கதைக்கு வருகிறேன். மின்சாரம் இருந்தது. குமிழும் சரியாகவே இருந்தது. மோட்டார் ஓயாமல் ஓடியது, பக்கச் சுவரும் நன்றாகச் சூடாக இருந்தது. "அப்பிடியெண்டா கேஸ் இரிக்கி. கதவோரத்த வடிவாப் பாரு" என்றேன். தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே டோர்ச் அடித்துப் பார்த்தாள். மேல் மூலையில் ஒரு பொலித்தீன் பையின் காது கதவிடையே அகப்பட்டு, இறப்பர் விரலளவு தூக்கி நின்றது. அதுவும், 100 லீற்றர் பிரீஸரில் முதல் நாள் பிற்பகல் ஒரே தடவையில் ஏற்றிய பதினைந்து கிலோ இறைச்சி!

மச்சான் போய் அடுத்த தெருவிலுள்ள மாமி வீட்டுப் பிரீஸரில் இடம் கேட்டு வந்தார். பிறகு ஒரே தடவை திறந்து, பாதியை அங்கே மாற்றினார்கள். சுவரோரமாக இருந்தவற்றில் ஐஸ் இருந்தது. அவற்றைத் தட்டையாக்கி மீண்டும் வைத்தார்கள். ஓரளவு உருகியும் குளிராக இருந்தவை அந்த இரவே அடுப்பில் ஏறின. நடுவில் கட்டியாகக் கிடந்த நான்கு பொதிகள் மட்டும் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தன. கெட்ட மணம் எதுவும் இல்லை. ஆனாலும் அவற்றை வளவில் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

அந்த நான்கில் ஒன்று பக்கத்து வீட்டுக்காரியுடையது. விடிந்ததும் தங்கை தன்னுடைய பங்கிலிருந்து இறுகியிருந்த பொதியொன்றை எடுத்துக்கொண்டு போய், நடந்ததை ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தாள். அந்தச் சகோதரி, "இதுக்குப் போய் ராவெல்லாம் தூங்காம இரிந்தீங்களா?" என்று கேட்டு, இவளை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாளாம்.

திருத்துபவரை வர வேண்டாமென்று சொல்லியாயிற்று. மறுநாள் பகலுக்குள் மிகுதியெல்லாம் கல்லாக இறுகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

சகோதரிகளே, இன்றிரவு வேலை முடிந்ததும் ஒரு கடதாசித் துண்டை எடுத்து உங்கள் பிரீஸர்க் கதவைச் சோதித்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.